வலப்பக்கக் கண்ணாடி

ஜூன் 9, திங்கள்

இன்று பேருந்து என்மேல் மோதவில்லை. துப்பட்டாவை மட்டும் தொட்டுக்கொண்டு போனது.

ஓட்டுநர் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தி, சன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டினார். வாயில் வெற்றிலை இருந்ததால் பாதிதான் பிடிபட்டது. நாலு தடவை ஹார்ன் அடித்தாராம். அடித்திருப்பார். காற்று எதிர்ப்பக்கமாக வீசியது.

நான் வீட்டுக்கு வருவதற்குள் கனகராசு மாமா செய்தியோடு வந்துவிட்டிருந்தார். மாமா அம்மாவின் தம்பி. ஊரில் நடக்கிற எதையும் முதலில் அம்மாவிடம் சொல்வது அவர்தான்.

"இன்னொருக்கா இப்படிக் கேள்விப்பட்டன்னா பாரு" என்றாள் அம்மா. "சைக்கிளை மாமனுக்குக் குடுத்துட்டு நீ ஊட்ல உக்காந்து வெங்காயம் உரி. சாப்பாட்டுக் கேரியரை அவனே கொண்டு போவட்டும்."

மாமா உடனே முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கும் இதில் விருப்பமில்லை.

இது என்னுடைய பதினோராம் வகுப்பு வணிகவியல் நோட்டு. நாலு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். மீதி வீணாகக் கூடாது என்று இதில் எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா சமைக்கிறாள். நான் கொண்டு போகிறேன். ஏழு தறிக்குடோன்கள், இருபத்து மூன்று பேர் சாப்பாடு. மெயின் ரோட்டில் மட்டும் இரண்டரைக் கிலோமீட்டர்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். குடோனுக்குள் ஐம்பது தறி ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். யாரும் என்னை "ஏன் வாயே தெறக்க மாட்டேங்கிற" என்று கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்தால் சொந்தம், விருந்தாளி என்று வருகிற ஒறம்பரைக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அதுவும் எனக்குப் பதினேழு வயது ஆகிவிட்ட பிறகு வருகிற ஒறம்பரை நிறையக் கேட்பார்கள்.

சைக்கிள் கையைவிட்டுப் போகக் கூடாது. ஆகவே பேருந்து என்னைத் தொடக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

ராயப்பன் அண்ணன் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை வாசலில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை எதிரே கரும்பு ஜூஸ் குடித்தேன். அவர்கள் போகவில்லை. இன்னொரு ஜூஸ் குடித்தேன்.

"கண்ணாடியா? எதுக்குங் அம்மிணி?"

"பாக்கறதுக்குங்."

"அது தெரியுது. எதைப் பாக்கறதுக்கு?"

"பின்னாடி வர்றதை."

ராயப்பன் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தார். "நாப்பது வருசமா கடை வெச்சிருக்கறேன், பெரியவங்க ஆரும் சைக்கிளுக்குக் கண்ணாடி கேட்டதில்லீங். சைக்கிள்காரனுக்குக் காதுதானுங் கண்ணாடி. பின்னால வண்டி வந்தாத் தன்னால தெரிஞ்சுட்டுப் போவுது!"

வாசலில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அது போதும்.

பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொட்டினார். பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு கண்ணாடி, குழந்தை சைக்கிளுக்கானது. மொபெட் கண்ணாடி ஒன்று, நீளத் தண்டோடு. உருண்டையாகச் சின்னதாக ஒன்று. உருண்டையை எடுத்தேன், யார் கண்ணிலும் அதிகம் படாது என்று. வலப்பக்கம் பெல் இருந்ததால் இடப்பக்கம் மாட்டிக் கொடுத்தார்.

ஜூன் 13, வெள்ளி

போகும்போது இரண்டரைக் கிலோமீட்டரும் பின்னால் போகிற வேலியைப் பார்த்தேன். வரும்போதும் வேலி. ஓர் இடத்தில் ஆடு.

நம் ஊரில் வண்டிகள் வலப்பக்கமாகத்தான் முந்துகின்றன. இதை மாட்டியவரும் யோசிக்கவில்லை, மாட்டிக்கொண்டவளும் யோசிக்கவில்லை. சாயங்காலம் நானே ஸ்பேனர் வாங்கி வந்து கண்ணாடியை வலப்பக்கமும் பெல்லை இடப்பக்கமும் மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

வலப்பக்கம் வைத்ததும் ரோடு தெரிந்தது. ஆனால் நடுங்கியது. பின்னால் வந்த லாரி பச்சை நிறச் சட்னி மாதிரி இருந்தது. லாரி என்று தெரிந்ததே அது முந்திய பிறகுதான்.

பழைய டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி, கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கிளிப்பை வைத்து முடுக்கினேன். நடுக்கம் பாதி நின்றது. கேரியர்களை இரண்டு பக்கமும் ஒரே எடையாகத் தொங்கவிட்டேன். மீதியும் நின்றது.

இப்போது லாரி லாரியாகத் தெரிகிறது. ஆனால் லாரியின் கால்பங்குதான். மீதி என் முழங்கை.

ஜூன் 18, புதன்

உருண்டையைக் கொடுத்துவிட்டு மொபெட் கண்ணாடியை வாங்கி வந்தேன். தண்டு நீளம் என்பதால் முழங்கை மறைக்காது. கண்ணாடி லேசாக வெளியே புடைத்திருக்கும். ரோடு முழுவதும், இரண்டு பக்கப் புளியமரங்களும், வானமும்கூட அதற்குள் அடங்கிவிட்டன. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் மூன்றாவது குடோன் வரைதான். கண்ணாடியில் தீப்பெட்டி அளவு ஓர் ஆட்டோ தெரிந்தது. தூரத்தில் வருகிறது என்று வலப்பக்கம் ஒடித்தேன். அது தூரத்தில் இல்லை. ஆட்டோக்காரர் நல்லவர், பிரேக்கும் நல்லது.

புடைத்த கண்ணாடி எல்லாவற்றையும் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் தள்ளி நிற்பதாகக் காட்டும். தட்டைக் கண்ணாடி தூரத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் கொஞ்சம்தான் காட்டும். எனக்கு எல்லாம் வேண்டும். ஆகவே தூரத்தை நானே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

சாப்பாடு கொடுத்து முடித்துத் திரும்பும்போது டீக்கடைக்கு எதிரே மின்கம்பத்தடியில் சைக்கிளை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தேன். பின்னால் இருக்கிற கம்பங்களை எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியும் எந்தக் கம்பத்தில் வரும்போது கண்ணாடியில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தேன்.

பேருந்து நாலு கம்பம் தூரத்தில் இருந்தால் மிளகு. மூன்று கம்பம் என்றால் துவரம்பருப்பு. இரண்டு கம்பம் என்றால் என் சுண்டுவிரல் நகம். நகம் அளவு தெரிந்தால் திரும்பக் கூடாது. மிளகு என்றால் திரும்பலாம், அதுவும் கழுத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு. கண்ணாடிக்குள் விழாத ஒரு மூலை உண்டு. அதற்குள் ஒரு பைக் முழுதாக ஒளிந்துகொள்ளும்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாகப் பிடிபட்டது.

ஜூன் 21, சனி

டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "என்னங் அம்மிணி, பவுடர் சரியா இருக்குதா?" என்று கேட்டார். சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அது சரியான பதில் இல்லை.

சாயங்காலம் அம்மா சைக்கிளைச் சுற்றி வந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள்.

"இது எதுக்குடி?"

"வண்டி வர்றதப் பாக்க."

"முக்கா மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து எந்த வண்டியப் பாத்த?"

"எல்லா வண்டியும்மா."

உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மாமாவுக்கு மெயின் ரோட்டில் என்ன வேலையோ, நேற்றும் இன்றும் என் பின்னாலேயே மொபெட்டில் வருகிறார். சரியாக இரண்டு கம்பம் தூரம். மஞ்சள் ஹெல்மெட், அதற்குள் துண்டு. கண்ணாடியில் சுண்டுவிரல் நகம் அளவில் மாமா.

அவர் முந்திப் போகட்டும் என்று ஓரமாக நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். இறங்கிப் போய் ஒரு புளியமரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் கிளம்பினேன். மரத்திலும் மாமாவுக்கு விருப்பம் போய்விட்டது.

ஜூன் 27, வெள்ளி

எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவோம். அப்பா இருபத்தெட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறார். தறிக்காரர் வீட்டில் உப்புக் கேட்பதுகூட அடுத்த தெருவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் 'தறிக்காது', தறிச் சத்தத்தில் மந்தமாகிப்போன காது. அது எல்லோருக்கும் தெரியும், அவரை வைத்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். ஆம்பளைக்குப் பரவாயில்லை. வேலையில் வந்தது.

இன்று அம்மாவும் மாமாவும் சமையலறையில் ரகசியம் பேசினார்கள். நான் எதிரே வாசலில் கேரியர் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் ரகசியம்தான் எனக்கு நன்றாகப் புரியும். ரகசியம் பேசுகிறவர்கள் உதட்டை முழுதாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவார்கள்.

"அஞ்சு நாளாப் போறனக்கா. கண்ணாடியிலயே கண்ணா இருக்கறா."

"பின்னாடி ஆரு வர்றான்?"

"என்னையத் தவுத்து ஆருமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேங்கறன். ஒரு ஈ காக்கா இல்ல."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீ வர்றது தெரிஞ்சு அவன் நின்னுக்கிட்டான்" என்றாள்.

மாமாவுக்கு அது சரியாகப் பட்டது. தலையை ஆட்டினார்.

இல்லாதவனுக்கு எவ்வளவு புத்தி.

ஜூன் 28, சனி

அப்பா ஓட்டுகிற குடோனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தறிகளுக்கு நடுவே நின்று உதட்டை மட்டும் அசைத்து அப்பா கேட்டார்.

"உங்கம்மா என்னமோ சொல்றா. ஆராச்சும் பையனா?"

"இல்லீங்ப்பா."

"பின்ன எதுக்குக் கண்ணாடி?"

இந்த இடத்தில் அப்பாவோடு எனக்குப் பேச்சு எப்போதும் தடைப்பட்டதில்லை. இங்கே சொல்லியிருக்கலாம். பக்கத்துத் தறிக்கார அக்கா இரண்டு பேரும் எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடோனில் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும்.

"சும்மாங்ப்பா" என்றேன்.

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அறுந்த இழையைக் கட்டத் திரும்பிவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கொல்லைப்புறக் குழாய்க்கு மேலே ஆணியடித்து, தண்டோடு மாட்டியிருக்கிறாள். அப்பா சவரம் செய்துகொள்ள வசதியாம். முகம் முழுதாகத் தெரிகிறது, ஆனால் மூக்குப் பெரிதாக இருக்கிறது என்றார் அப்பா.

"ஒழுங்கான புள்ளைக்கு முன்னாடி பாத்துப் போனாப் போதும்" என்றாள் அம்மா.

டியூப் பட்டை மட்டும் கைப்பிடியிலேயே இருக்கிறது.

ஜூலை 2, புதன்

நூறு தடவையாவது கழுத்தைத் திருப்பியிருப்பேன். திருப்பினால் சைக்கிள் திரும்புகிற பக்கமே போகிறது. மூன்றாவது குடோனில் ரசம் பாதிதான் போய்ச் சேர்ந்தது. நாலாவது குடோனில் ரசமும் மோரும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. "புதுக் கொழம்பா அம்மிணி?" என்று ஜாடையில் கேட்டார்கள்.

மாமா இன்னும் பின்னால் வருகிறார். நான் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவரும் தன் பின்னால் திரும்பிப் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறேன் என்று.

ஜூலை 3, வியாழன்

பள்ளியில் என் பெயருக்கு முந்திய பெயர் தாமரைச்செல்வி. ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டே வருகைப் பதிவு எடுப்பார். தாமரைச்செல்வி எழுந்து உட்கார்ந்தால் அடுத்து தாரணி, அது நான். எழுந்து "உள்ளேன்" என்பேன். பத்தாம் வகுப்பு வரை ஒரு நாளும் தவறியதில்லை. பதினொன்றில் தாமரைச்செல்வி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த வருடம் பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். நான் தினமும் அதில்தான் போனேன். பதிவேட்டில் பாதி நாள் வரவில்லை என்று இருந்தது. வந்திருந்தேன் என்று சொல்வதற்குள் அம்மாவை வரச்சொல்லிவிட்டார்கள். "கூப்பிட்டாத் திமிரா உக்காந்திருக்கா" என்றார் ஆசிரியை. அம்மா அங்கேயே ஓர் அறை கொடுத்தாள். அதோடு நின்றுவிட்டேன்.

எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை. இன்று ரசம் கொண்டுபோகும் தூக்குப்போசிகள் இரண்டு நசுங்கின.

ஜூலை 4, வெள்ளி

ஆறாவது குடோனுக்கு மெயின் ரோட்டிலிருந்து வலப்பக்கம் மண்பாதையில் திரும்ப வேண்டும். திரும்பிப் பார்த்தேன். மாமா மட்டும் இரண்டு கம்பம் தள்ளி வந்துகொண்டிருந்தார். மாமாதானே என்று கையைக் காட்டிவிட்டு ஒடித்தேன்.

மாமாவுக்குப் பின்னால் நூல் ஏற்றிய வேன் ஒன்று இருந்திருக்கிறது. அது மாமாவை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. நான் பார்த்தது அது நின்ற பிறகு. என் முன்சக்கரத்துக்கும் அதன் பம்பருக்கும் நடுவில் ஒரு கேரியர் உருண்டுகொண்டிருந்தது. சாம்பார் ரோட்டில் ஓடியது. வேன்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். ரோட்டில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு நீளமாக இருந்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாதான் மொபெட்டோடு பள்ளத்தில் கிடந்தார். என்னிடம் வர அவசரப்பட்டிருக்கிறார். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. அவரைத் தூக்கி நிறுத்தினேன். அவர் உதடு நடுங்கியதால் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. என் தலையில் கையை வைத்து வைத்துப் பார்த்தார்.

ஜூலை 5, சனி

இன்று சாப்பாடு மாமாவின் நண்பர் ஒருவரின் ஆட்டோவில் போனது. சைக்கிளை அம்மா பூட்டிவிட்டாள்.

மாமா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வந்து போகிறவர்களுக்கெல்லாம் நேற்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன்.

"பத்துத் தடவை ஹார்ன் அடிக்கறன். தாரணீ, தாரணீன்னு தொண்டை கிழியக் கத்தறன். திரும்பணுமே? ம்ஹூம்."

"எவன் நெனப்புல போனாளோ" என்றாள் அம்மா.

"வேன்காரன் வேற அடிச்சான், அந்த ஹார்னு செத்தவனை எழுப்பும்க்கா. இவ பாட்டுக்குக் காது கேக்காதவளாட்டம் போய்க்கிட்டே..."

மாமா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய உதடும் அசையவில்லை.

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மத்தியானம் கொல்லைப்புறக் குழாயடியில் கேரியர் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேகமாக விழுந்தது. எதிரே ஆணியில் என் கண்ணாடி.

அதில் அம்மா தெரிந்தாள். பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புடைத்த கண்ணாடி என்பதால் தூரத்தில் நிற்பதுபோல் இருந்தது, உண்மையில் பத்தடிதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் வாய் அசைந்தது. தாரணி.

நான் எப்போதும் திரும்பிவிடுவேன். பாத்திரத்தில் ஒரு நிழல் ஆடினாலோ, தரையில் கால் அதிர்ந்தாலோ, எதிரில் இருக்கிறவர்கள் கண் என் தலைக்கு மேல் போனாலோ திரும்பிவிடுவேன். எத்தனை வருடமாக என்று கணக்கு இல்லை. அதில் எனக்கு நல்ல பழக்கம். இன்றும் திரும்பி "என்னம்மா?" என்று கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். "கேக்குதடா, நீதான் என்னமோ சொன்ன" என்று மாமாவைத் திட்டியிருப்பாள். மறுபடியும் நினைப்பு, பையன், திமிர். அதெல்லாம் பழகியவைதான்.

தாரணி. இரண்டாவது தடவை. கழுத்து நரம்பு தெரிந்தது, சத்தமாகக் கூப்பிட்டிருப்பாள்.

வேன்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

கேரியரின் மூடியைத் தேய்த்தேன். அடித்தட்டைத் தேய்த்தேன். நடுத்தட்டை ஏற்கெனவே கழுவியிருந்தேன், அதையும் தேய்த்தேன்.

மூன்றாவது தடவை அவள் என் பெயரைச் சொல்லவில்லை. பாப்பா என்றாள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் திரும்பவில்லை.

அம்மாவின் வாய் திறந்தே இருந்தது. மாமா கதவை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு அவள் நடந்து வந்தாள். மிளகு, துவரம்பருப்பு, நகம். என் தலைக்கு மேல் கையை நீட்டி, ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கண்ணாடிதான் இல்லையே.

ஜூலை 7, திங்கள்

காலையில் சைக்கிள் பூட்டாமல் நின்றது. கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். டியூப் பட்டை பத்தவில்லை போலிருக்கிறது, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்து நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. முடுக்கிய முடுக்கில் கிளிப் வளைந்திருந்தது. யானை ஏறினாலும் ஆடாது.

இடப்பக்கம் மாட்டியிருந்தார்கள்.

கேரியர்களை ஏற்றி, தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்று வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஸ்பேனரைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். பின்னாலிருந்து கூப்பிடவில்லை. சைக்கிளைச் சுற்றிக்கொண்டு முன்சக்கரத்துக்கு நேராக வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, வெங்காயம் இன்று அவள்தான் உரித்தாள்.

"பாத்துப் போ" என்றாள்.

சத்தமே போடவில்லை. உதட்டை முழுதாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள். நன்றாகப் புரிந்தது.